எதிர்த்தரப்புக்கு ஒரு பக்கம்

குசுமாவதி டீச்சரின் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் என்றால் பட்டிமன்றம்தான். திருவண்ணாமலையில் அந்தப் பெண்கள் பள்ளிக்கு அவர் தமிழாசிரியையாக வந்த நாளிலிருந்து அது வழக்கம். அவர் தயார் செய்த பெண்கள் மாவட்ட அளவில் பரிசு வாங்கி வந்திருக்கிறார்கள். பதினோராம் வகுப்பு 'அ' பிரிவுக்கும் அந்தப் பீரியட் என்றால் கொண்டாட்டம். கைதட்டலாம், மேசையைத் தட்டலாம், கடைசியில் டீச்சர் தீர்ப்புச் சொல்லும்போது ஓவென்று கத்தலாம்.

அந்த வருடம் தலைமையாசிரியை ரேணுகாம்பாள் புதிதாக ஒன்றை அறிவித்திருந்தார். வருடம் முழுவதும் எந்த வகுப்பு அதிகமாகப் பள்ளிக்கு வருகிறதோ அதற்கு ஒரு கேடயம். அந்த வகுப்பு லீடரின் பெயர் வராந்தாவில் மாட்டியிருக்கும் மரப்பலகையில் எழுதப்படும். 'அ' பிரிவு ஒவ்வொரு மாதமும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பௌர்ணமி வரும் வரைக்கும். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையிலிருந்து வரும் பெண்கள் வரமாட்டார்கள். அடி அண்ணாமலைப் பெண்கள் மறுநாளும் வரமாட்டார்கள்.

வகுப்பு லீடர் தீக்ஷா. வேங்கிக்கால் பக்கம் புதிதாக வந்த வீடுகளில் ஒன்றில் குடியிருந்தாள். அப்பாவுக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை. அவள்தான் அந்த வெள்ளிக்கிழமைக்குத் தலைப்புக் கொடுத்தாள்: 'பௌர்ணமியன்று பள்ளிக்கு வராதது சரியா, தவறா?'

தவறு என்ற அணிக்கு அவளே பேசினாள். நன்றாகப் பேசுகிற பெண்.

"படிக்க வேண்டிய வயசுல கடையில உக்காந்து சுண்டல் விக்கறதுன்னா, அதுக்கு எதுக்கு ப்ளஸ் ஒன்? சேராமலே இருந்துடலாமே! உங்க வீட்டு வியாபாரத்துக்கு எங்க எல்லாரோட கேடயத்தையும் ஏன் பலி குடுக்கணும்?"

கைதட்டல் நிற்கவே நேரமாயிற்று. சரி என்ற அணிக்கு அடி அண்ணாமலை மதிவதனி எழுந்தாள். நன்றாகப் படிக்கிறவள், ஆனால் சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாதவள். வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். பின்னாலிருந்து யாரோ "சுண்டல், சுண்டல்!" என்றாள். வகுப்பு சிரித்தது. மதிவதனி உட்கார்ந்துவிட்டாள். குசுமாவதி வழக்கம்போல இரண்டு பக்கத்து வாதங்களையும் எடைபோட்டு, தீக்ஷா அணி வென்றது என்று தீர்ப்புச் சொன்னார். மணி அடித்தது.

திங்கட்கிழமை மதிவதனி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

"பாத்தீங்களா மிஸ்? இப்ப பௌர்ணமிகூட இல்ல" என்றாள் தீக்ஷா.

குசுமாவதி மதிவதனியின் வீட்டுக்குப் போன் செய்தார். அம்மா எல்லம்மாள் எடுத்தாள்.

"காச்சல்னு சொல்றா டீச்சர். தொட்டுப் பாத்தா சுடல. சோறு மட்டும் எறங்க மாட்டேங்குது. ஸ்கூல்ல எதுனா நடந்துச்சுங்களா?"

"ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுக் குசுமாவதி போனை வைத்தார். ஒன்றும் இல்லையா? ஒரு பெண் தன் வீட்டைப் பற்றிச் சொல்ல எழுந்து, சொல்ல முடியாமல் உட்கார்ந்தாள். அதற்குத் தீர்ப்பும் சொல்லியாயிற்று.

அன்று சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டே அவர் அந்தப் பீரியடை மனதில் திரும்ப ஓட்டிப் பார்த்தார். எவ்வளவு வாதம், எவ்வளவு கைதட்டல். ஆனால் அவ்வளவு பேச்சிலும் யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. 'நீ ஏன் வரல?' என்று மதிவதனியை ஒருத்தியும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மதிவதனி வந்திருந்தாள். எல்லம்மாளே கொண்டுவந்து விட்டுப் போனாளாம். கடைசி பெஞ்சில், சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே பட்டிமன்றம் கிடையாது" என்றார் குசுமாவதி. "கட்டுரை எழுதப் போறோம்."

வகுப்பு முழுக்க முனகல்.

"முன்னுரை, முடிவுரை எல்லாம் வேணுமா மிஸ்?"

"எதுவும் வேணாம். ஒரே பக்கம். போன வாரம் நீங்க எந்த அணியோ, அதுக்கு எதிர் அணியில இருக்கற ஒருத்தியா உங்கள நெனச்சுக்கிட்டு எழுதணும். அவ ஏன் அப்படி நெனைக்கறான்னு அவ வாயால சொல்ற மாதிரி. யார் யாருக்கு யாருன்னு நான் சொல்றேன். எழுதி முடிச்சதும் எங்கிட்ட காட்ட வேணாம், அவகிட்ட காட்டுங்க. 'ஆமா, நான் நெனச்சது இதான்'னு அவ சொல்லணும். சொன்னாதான் நான் வாங்கிப் படிப்பேன். இல்லன்னா திரும்ப எழுதணும்."

"எத்தன தடவ மிஸ்?"

"அவ ஆமான்னு சொல்ற வரைக்கும்."

"மார்க் உண்டா?"

"கிடையாது."

மார்க் இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு கஷ்டமா என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குசுமாவதி ஜோடிகளைப் படித்தார். தீக்ஷாவுக்கு மதிவதனி, மதிவதனிக்குத் தீக்ஷா. யாரும் சிரிக்கவில்லை.

முதல் சுற்றில் ஒரு கட்டுரைகூட தேறவில்லை. எல்லோருமே எதிராளியைத் தங்களுக்குத் தோன்றியபடி எழுதிவிட்டு வந்திருந்தார்கள். தீக்ஷாதான் ரொம்ப நம்பிக்கையோடு கொடுத்தாள். தான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோம் என்று அவளுக்கும் உள்ளுக்குள் உறுத்தல் இருந்தது. அதனால் மனதார எழுதியிருந்தாள். 'வறுமையின் பிடியில் வாடும் எங்கள் குடும்பத்தில் நான் உழைத்தால்தான் அடுப்பு எரியும். புத்தகம் ஏந்த வேண்டிய என் பிஞ்சுக் கைகள் சுண்டல் பொட்டலம் மடிக்கின்றன.'

மதிவதனி அதைப் படித்துவிட்டு மேசைமேல் திருப்பி வைத்தாள்.

"இல்ல" என்றாள்.

"ஏன்? உன்ன பத்தி நல்லாதான எழுதியிருக்கேன்!"

"எங்க வீட்ல அடுப்பு எரியலன்னு உனக்கு யாரு சொன்னா?"

தீக்ஷாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பின்ன எதுக்கு வேலைக்குப் போற?"

"நான் சுண்டலே வித்ததில்ல. எங்க வீட்ல யாருமே வித்ததில்ல. நெலம் இருக்கு, மாடு இருக்கு. நீயா ஒண்ண நெனச்சுக்கிட்டு அன்னைக்குத் திட்டின. இன்னைக்கும் நீயா ஒண்ண நெனச்சுக்கிட்டுப் பாவப்படற."

"அப்ப என்னன்னு சொல்லேன்!"

"நீ கேக்கவே இல்லியே."

குசுமாவதி இரண்டு பெஞ்சு தள்ளி நின்றுகொண்டிருந்தார். குறுக்கே போய் ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தார். சொல்லாமல் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார்.

தீக்ஷா கோபத்தோடு மதிவதனியின் தாளை இழுத்துப் படித்தாள். அதில் நாலே வரிதான் இருந்தது. 'எனக்குக் கேடயம் வேண்டும். அதற்காக யாரை வேண்டுமானாலும் பேசுவேன். மற்றவர்கள் வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குக் கவலை இல்லை. நான் அதிகாரி வீட்டுப் பெண்.'

"நான் இவ்ளோ மோசமா?" அவளுடைய குரல் உடைந்தது.

"நீ பேசினத வெச்சுதான் எழுதினேன்."

"எங்க அப்பா அதிகாரி எல்லாம் இல்ல. டைப்பிஸ்டா சேர்ந்து இப்பதான் அசிஸ்டென்ட் ஆயிருக்காரு."

"சரி" என்றாள் மதிவதனி. கொஞ்சம் பொறுத்து, "அப்ப கேடயம் எதுக்கு உனக்கு அவ்ளோ முக்கியம்?" என்றாள்.

வகுப்பில் அந்த விஷயத்தைப் பற்றிச் சண்டைக்காக இல்லாமல், தெரிந்துகொள்வதற்காக யாரோ யாரையோ கேட்ட முதல் கேள்வி அதுதான்.

தீக்ஷா பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். அப்பாவுக்கு மாற்றல் வந்துகொண்டே இருக்கும். தர்மபுரி, அரியலூர், ராமநாதபுரம். போகிற ஊரில் எல்லாம் அவள்தான் புதுசு. ஒரு சிநேகிதி கிடைத்து அவள் வீட்டுக்குப் போய்வரப் பழகுவதற்குள் லாரியில் சாமான் ஏறிவிடும்.

"பழைய ஸ்கூல் பொண்ணுங்க யாருக்கும் என் பேர் ஞாபகம் இருக்காது. இங்கதான் மொதல் தடவையா லீடர் ஆக்கினாங்க. நான் போயிட்டாலும் அந்தப் பலகையில என் பேர் இருக்கும்ல? அதான்."

மதிவதனி தன் தாளைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். நாலு வரியையும் அடித்துவிட்டு, அந்தப் பீரியட் முடிவதற்குள் ஒரு பக்கம் எழுதினாள். தீக்ஷா படித்தாள். "ராமநாதபுரத்துல ரெண்டு வருஷம் இருந்தோம், ஒரு வருஷம் இல்ல. மத்தது சரி" என்றாள். பிறகு மெதுவாக, "ஆமா. இதான்" என்றாள். டீச்சர் கைக்கு வந்து சேர்ந்த முதல் கட்டுரை அது.

"என்ன பத்தி நீ எழுதறதுன்னா இங்க உக்காந்து எழுத முடியாது. பௌர்ணமிக்கு வீட்டுக்கு வா" என்றாள் மதிவதனி.

தீக்ஷாவின் அம்மா, பௌர்ணமிக் கூட்டத்தில் பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது என்றார். குசுமாவதி தானே கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். அவருக்கும் பார்க்க வேண்டும் போலிருந்தது. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும், பௌர்ணமியென்றால் காய்கறியை முதல் நாளே வாங்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறவர் அவர்.

அன்று பள்ளி விட்டதும் இருவரும் கிளம்பினார்கள். போலீஸ் தடுப்புக்கு மேல் ஆட்டோ போகவில்லை. இறங்கி நடந்தார்கள். வெயில் இன்னும் தாழவில்லை, ஆனால் அதற்குள்ளாகவே சாலை நிறைந்துவிட்டது. செருப்பில்லாத கால்கள் தேய்கிற சத்தம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஆட்கள் பேசிக்கொண்டும், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டும், சிலர் போனில் பாட்டுப் போட்டுக்கொண்டும் போனார்கள்.

மதிவதனியின் வீடு பாதையை ஒட்டியே இருந்தது. பக்கச் சந்தில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோரும் பெண்கள்தான். வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், கல்லூரிப் பெண்கள். சந்தின் முடிவில் தகரக் கதவு போட்ட இரண்டு கழிப்பறைகளும் ஒரு குளியலறையும் இருந்தன. அவற்றுக்கு முன்னால் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மதிவதனி நின்றாள். ஒருத்தி வெளியே வந்ததும் உள்ளே போய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், வாளியை நிரப்பி வைத்தாள், "அடுத்தவங்க வாங்கம்மா" என்றாள். மறுபடி அதையே செய்தாள்.

தீக்ஷா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

எல்லம்மாள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "வாங்க டீச்சர், வாங்க. இப்பிடி கூட்டத்துல வந்துக்கினு... உள்ள வந்து உக்காருங்க. ரெண்டு இட்லி சாப்புடுங்க. நீங்க இருட்டினா சாப்புட மாட்டீங்கன்னு மதி சொன்னா. பொழுது இன்னும் இருக்குது."

குசுமாவதி உட்கார்ந்தார். அவர்கள் சமணர்கள்; வீட்டில் சூரியன் மறைந்த பிறகு யாரும் சாப்பிடுவதில்லை. அதை இந்தப் பெண் எப்போது கவனித்தாள் என்று நினைத்துக்கொண்டே இட்லியைப் பிட்டார்.

"வேற ஆள் யாரும் இல்லியாம்மா? கூலிக்கு யாராவது?"

"வெச்சிப் பாத்தோம் டீச்சர். ஒரு ஆம்பளைய நிக்க வெச்சா பொம்பளைங்க உள்ளயே வர மாட்டாங்க. மொதல்ல நாங்க யாருக்கும் விடறதே இல்ல. ஒரு தடவ ஒரு புள்ளதாச்சிப் பொண்ணு வாசல்ல நின்னு அழுதுச்சு. எங்கயும் எடம் இல்ல, அடக்கிக்கினே அவ்ளோ தூரம் நடந்து வந்துருக்குது. அன்னைலேர்ந்து விடறோம். காசு வருது, இல்லன்னு சொல்லல. ஆனா காசுக்குன்னா நான் தெறந்துவுட்டுட்டு உள்ள படுத்துக்குவேன். கூட்டம் ஜாஸ்தி. அடுப்பு, மாடு, வாசல்ல ஆளுங்கன்னு எனக்கே கை பத்தல. எம்பொண்ணு நின்னாதான் வர்ற பொம்பளைங்களுக்கு தைரியமா இருக்குது."

அந்த நேரத்தில் சந்தில் ஒரு கல்லூரிப் பெண் வரிசையை விட்டு விலகி, துப்பட்டாவைப் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டு மதிவதனியிடம் ஏதோ கிசுகிசுத்தாள். மதிவதனி தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். அலமாரியிலிருந்து நாப்கினைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டாள். குளியலறையில் அந்தப் பெண்ணை விட்டுவிட்டு, கதவுக்கு முன்னால் தானே காவல் நின்றாள்.

கழிப்பறை வாளியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. வரிசையில் நின்ற ஒரு பாட்டி தீக்ஷாவைப் பார்த்தாள். "ஏம்மா, நின்னு வேடிக்க பாக்கற? தண்ணி இல்ல பாரு, கொண்டாந்து வையி" என்று அதட்டினாள்.

நான் இந்த வீட்டுப் பெண் இல்லை என்று தீக்ஷா சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. குழாயடிக்குப் போய் வாளியை நிரப்பினாள். தூக்கிப் பழக்கமில்லை; பாதித் தண்ணீர் அவளுடைய சீருடை மேலேயே சிந்தியது. மதிவதனி அதைப் பார்த்து அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

கொஞ்சம் கூட்டம் குறைந்தபோது இருவரும் குழாயடிக் கல்லில் உட்கார்ந்தார்கள்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்டி சொல்றது? எந்திரிச்சு நின்னு, எங்க வீட்ல கக்கூஸ் வாடகைக்கு விடறோம், நான்தான் கழுவறேன்னா? சுண்டலுக்கே அப்டி சிரிச்சாங்க."

தீக்ஷா நனைந்த சீருடையைப் பிழிந்தாள். "காலையில கூட்டம் இருக்குமா?" என்று கேட்டாள்.

"காலையில கம்மிதான். மூணு மணிக்கு மேலதான் ஏறும். விடிய விடிய இருக்கும். அதான் மறுநாள் தூங்கிடுவேன்."

"அப்ப காலையில ஸ்கூலுக்கு வரலாமே?"

"வந்தா சாயங்காலம் எப்டி திரும்பறது? நீயே பாத்தியே, ஆட்டோ விடல. மத்தியானமே கெளம்பினா எங்கப்பா வண்டியில கூட்டிட்டு வந்துடுவாரு. ஆனா அரை நாள்ல விடமாட்டேன்னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க."

அந்த வாரக் கட்டுரையைத் தீக்ஷா நான்கு தடவை எழுதினாள். எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று மதிவதனியைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். என்ன வேலை என்பதை மட்டும் எழுத வேண்டாம் என்றாள் மதிவதனி. மதிவதனி 'ஆமா, இதான்' என்ற பிறகு, வெள்ளிக்கிழமை தீக்ஷா அதை வகுப்பில் படித்தாள்.

'பௌர்ணமியன்று நான் வராததற்குக் காரணம் இருக்கிறது. அது வறுமை இல்லை. என்னை நம்பி ஒரு வேலை இருக்கிறது, அதைப் பெண்பிள்ளைதான் செய்ய முடியும். அது என்ன என்று ஐம்பது பேர் முன்னால் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சொல்லாததால் காரணம் இல்லை என்று ஆகிவிடாது. எனக்குப் படிப்பு பிடிக்கும். மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு யோசிப்பேன், இன்று என்ன பாடம் நடந்திருக்கும் என்று. அதை யாராவது எனக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். பரிதாபப்பட வேண்டாம்.'

ஒருத்தி மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "என்ன வேலைன்னு தெரிஞ்சுக்கலாமா?"

தீக்ஷா மதிவதனியைப் பார்த்தாள். நான் சொல்ல மாட்டேன் என்பது போல உதட்டை இறுக்கிக்கொண்டாள். குசுமாவதி, "கட்டாயம் இல்ல" என்று சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் மதிவதனி எழுந்துவிட்டாள்.

"கிரிவலம் வர்ற பொம்பளைங்களுக்கு எங்க வீட்டு பாத்ரூம், கக்கூஸ் விடறோம். நான்தான் பாத்துக்கறேன். கழுவி விடறதும் நான்தான்."

யாராவது சிரித்துவிடுவார்களோ என்று குசுமாவதி பெஞ்சுகளை ஒரு சுற்றுப் பார்த்தார். நடு பெஞ்சிலிருந்து வேறொரு குரல் வந்தது. அன்புச்செல்வி, அவளும் கிரிவலப் பாதைப் பெண்தான். "எங்க வீட்லயும்தான். நான் ஊருக்குப் போறேன்னு பொய் சொல்லுவேன்."

"எங்கம்மா போன மாசம் சுத்தி வந்தாங்கடி" என்றாள் இன்னொருத்தி. "எடமே கெடைக்கலயாம். வீட்டுக்கு வந்து அழுதாங்க. உங்க வீடு எங்க இருக்கு? அட்ரஸ் குடு."

அதற்கப்புறம் பேச்சு நிற்கவில்லை. யாருக்கும் முறை கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இரவு முழுக்க நிற்பாயா, பயமாக இருக்காதா, குடித்துவிட்டு யாராவது வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேள்விமேல் கேள்வி. மதிவதனி நின்றுகொண்டே பதில் சொன்னாள். வழக்கமாக வாயே திறக்காத பெண்கள்கூடத் தங்கள் வீட்டு விஷயங்களைச் சொன்னார்கள். எல்லோரும் ஒத்துப்போய்விடவில்லை. "காரணம் எதுவா இருந்தாலும் பாடம் போறது போறதுதானே?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா, போகுதுதான்" என்று மதிவதனியும் ஒப்புக்கொண்டாள்.

திங்கட்கிழமை தீக்ஷா, மதிவதனி, அன்புச்செல்வி மூவரும் தலைமையாசிரியை அறைக்குப் போனார்கள். குசுமாவதியும் கூடப் போனார், ஆனால் பேசவில்லை. பௌர்ணமியன்று மத்தியானம் வரை வகுப்புக்கு வருகிறோம், சாப்பாட்டு மணிக்கு அப்பா வந்து கூட்டிப்போக அனுமதி வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள்.

ரேணுகாம்பாள் கண்ணாடியைக் கழற்றினார். "இவளுங்களுக்கு விட்டா நாளைக்கு ஸ்கூலே வந்து நிக்கும். அப்ப என்ன பண்றது?"

"ஏன் போகணும்னு கேளுங்க மேடம்" என்றாள் தீக்ஷா. "கேட்டா சொல்லுவாங்க."

ரேணுகாம்பாள் குசுமாவதியை ஒரு பார்வை பார்த்தார். "இந்தக் கேள்வி கேக்கற பழக்கம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியுது" என்றார். ஒரு மாதம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். பௌர்ணமிக்கு மறுநாள் வராமலிருப்பதற்கு மட்டும் அவர் எந்தச் சலுகையும் தரவில்லை.

கேடயம் அந்த வருடம் 'அ' பிரிவுக்குக் கிடைக்கவில்லை. முதல் பருவத்தில் இழந்ததை ஈடுகட்ட முடியவில்லை. தீக்ஷா சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று அழுதாள். மதிவதனி பக்கத்தில் நின்றாள். தன்னால்தான் என்று அவள் சொல்லவில்லை. உன்னால்தான் என்று தீக்ஷாவும் சொல்லவில்லை. அழுது முடிகிற வரைக்கும் இருந்துவிட்டு இருவரும் பஸ் ஏறப் போனார்கள்.

கட்டுரை மட்டும் அந்த வருடம் முழுக்க நடந்தது. பள்ளிக்குப் போன் கொண்டுவரலாமா, தம்பி செய்யாத வேலையை அக்கா ஏன் செய்ய வேண்டும், காதலிக்கிறவளை வீட்டில் காட்டிக்கொடுக்கலாமா என்று தலைப்புகளைப் பெண்களே கொண்டுவந்தார்கள். எழுதுவதற்கு ஒரு பக்கம். அதற்கு முன்னால் ஒரு வாரம் முழுக்க ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டே திரிவார்கள். சாப்பாட்டு நேரத்தில் கூடக் கேட்டுக்கொள்வார்கள். "அப்ப நீ அழுதியா?" "உங்கம்மா என்ன சொன்னாங்க?" "நெசமாவே அப்டியா நெனச்ச?"

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு வாத்தியார் கோதண்டராமன் கதவருகே வந்து நின்றார். 'அ' பிரிவுக்கும் அவர்தான் கணக்கு எடுத்தார்; அரையாண்டில் அதில் பாதிப் பேர் தோற்றிருந்தார்கள்.

"மேடம், பட்டிமன்றத்த நிறுத்திட்டீங்கன்னு சொன்னாங்க. அதவிட சத்தம் ஜாஸ்தியா இருக்கே. என் கிளாஸ்ல ஒண்ணுமே காதுல விழல."

"மன்னிச்சுக்கோங்க சார்" என்றார் குசுமாவதி. "அவங்க தலைப்பு உங்களப் பத்திதான். கணக்கு ஏன் வரலன்னு உங்க பக்கத்துலேர்ந்து எழுதிக்கிட்டிருக்காங்க."

கோதண்டராமன் திகைத்தார். அதற்குள் தீக்ஷா எழுந்தாள். மதிவதனியும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் மதிவதனி. "நாங்க எழுதினது சரியான்னு நீங்கதான் சொல்லணும். ஒரு சின்னக் கேள்வி கேக்கலாங்களா?"

வாத்தியார் தம் வகுப்புப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"கேளு" என்றார்.